ஏற்காடும் என் மூக்கும்!

காலை ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ் லிஃப்ட்டில் ஏறியிருக்கிறீர்களா? எட்டு பேர் நிற்கிற இடத்தில் பதினோரு பேர். அதில் ஆறு பேர் மீது ஆறு விதமான சென்ட். ஒருத்தர் மீது கடல் வீசுகிறது. இன்னொருத்தர் மீது காடு. மூலையில் டிபன் பாக்ஸோடு நிற்கிற அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரர் மீது ஏதோ பட்டை, கிராம்பு. மூன்றாவது மாடி வருவதற்குள் கடல் காட்டுக்குள் புகுந்து, காடு பட்டை கிராம்போடு சேர்ந்து வெந்து... கதவு திறந்ததும் பதினோரு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விடுகிற சத்தம் கேட்கும்.

சென்ட் விஷயத்தில் எனக்கு அபிப்பிராயங்கள் அதிகம். பி.காம். படித்தவன் வேறு. எந்த பாட்டிலைக் கையில் கொடுத்தாலும் முதலில் அடியைத் திருப்பி விலையைப் பார்ப்பேன். அப்புறம்தான் மூடியைத் திறப்பேன். அந்த அபிப்பிராயங்களையெல்லாம் கொட்ட நான் தேர்ந்தெடுத்திருக்கிற இடம், ஏற்காடு. பாரீஸ் சென்ட்டுக்கும் சேர்வராயன் மலைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் மலையே ஏறவில்லை.

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்ததும் மலைப் பாதை. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். ஊட்டி, கொடைக்கானல் அளவுக்குக் குளிரும் கிடையாது, ஓட்டல் பில்லும் கிடையாது. அதனால்தான் 'ஏழைகளின் ஊட்டி' என்று பெயர் வைத்தார்கள். (இந்தப் பட்டத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.)

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நானும் நண்பர் ஒருவரும் பஸ் ஏறினோம். நண்பருக்கு சேலத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கலெக்ஷன் வேலை. வயது 27. கிளம்பும்போது கழுத்தில் இரண்டு, நெஞ்சில் இரண்டு, மணிக்கட்டுக்கு ஒவ்வொன்று என்று ஆறு தடவை 'புஸ்... புஸ்...' அடித்துக்கொண்டு வந்திருந்தார். பிரெஞ்சுப் பெயர் போட்ட பாட்டில். விலை ஐந்து இலக்கம்.

எட்டாவது வளைவிலேயே முன் ஸீட் அம்மா எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பத்தாவது வளைவில் திரும்பிப் பார்த்து, "தம்பி, அந்தக் கண்ணாடியை நல்லாத் திறந்து விடுங்க... தலை சுத்துது" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். ஆனாலும் நண்பரின் முகம் சுருங்கிப் போனது. மேலே போய்ச் சேருகிற வரைக்கும் பேசவே இல்லை.

ஏரிக்கரையில் டீ குடிக்கும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. பத்து மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மதியம் மீட்டிங். மே மாத வெயிலில் பைக்கில் சுற்றி, ஏழு இடத்தில் வசூல் முடித்து, நேராக ஏ.ஸி. அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறார். மறுநாள் காலை அவருடைய மேஜை மேல் ஒரு பாடி ஸ்பிரே டப்பா. மேனேஜரே வாங்கி வைத்திருக்கிறார், மேலே ரிப்பன் கட்டி. ஸெக்ஷனே சிரித்திருக்கிறது.

"வெயில்ல அனுப்பறதும் அவருதான் மச்சான்... திரும்பி வந்தா மூக்கைப் பிடிச்சுக்கறதும் அவருதான்" என்றார். அந்த வாரமே போய் ஐந்து இலக்க பாட்டிலைத் தவணையில் வாங்கிவிட்டார்.

நம் ஊரில் பாதி சென்ட் இப்படித்தான் விற்கிறது ஸார். வாசனைக்காக இல்லை, பயத்துக்காக. டி.வி. விளம்பரத்தில் சென்ட் அடித்தவனை நாலு பெண்கள் துரத்துகிறார்கள். நிஜத்தில் நம்மைத் துரத்துவது 'நம்ம மேல நாத்தம் அடிக்குதோ' என்கிற சந்தேகம் ஒன்றுதான். இத்தனைக்கும் வியர்வைக்கு என்று பெரிதாக ஒரு வாடையும் கிடையாது. அக்குளில் குடியிருக்கிற பாக்டீரியா அதைத் தின்று கிளப்புகிற வாடைதான் நாம் சொல்கிற நாற்றம். அதன் மேல் சென்ட் அடித்தால் நாற்றம் போகாது. நாற்றத்தோடு சென்ட்டும் சேரும், அவ்வளவுதான். ஒரு குளியல், பைக்குள் மாற்றுச் சட்டை ஒன்று (பருத்தியாக இருந்தால் உத்தமம்), ஈர அக்குளில் தேய்க்க சலூனில் தாடைக்குத் தடவுகிற படிகாரம் ஒரு கட்டி. இதற்கெல்லாம் சேர்த்து ஐந்து இலக்கம் ஆகாது. இதை நண்பரிடம் சொன்னேன். பாட்டிலை ஏற்கெனவே வாங்கிவிட்டவரிடம் சொல்லி என்ன பிரயோஜனம்!

ஏற்காட்டில் எங்கே திரும்பினாலும் எண்ணெய்க் கடை. யூகலிப்டஸ் தைலம், எலுமிச்சம்புல் தைலம், மிளகு, ஏலக்காய், காப்பித் தூள், கூடவே கட்டைவிரல் உயர பாட்டில்களில் கலர் கலராக வாசனை எண்ணெய்கள். ஒரு கடையில் மல்லிகை, தாழம்பூ, 'கூல்' என்று வரிசையாக எடுத்துக் காட்டிய கடைக்காரர், கடைசியில் ஒரு பாட்டிலை நீட்டினார். "இது ஜெரேனியம் ஸார். ஒரிஜினல். ஐம்பது ரூபா."

அங்கே வாங்கவில்லை. ஏன் என்று பிறகு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆனால் அந்தப் பெயர் மட்டும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

லேடீஸ் ஸீட் பக்கம் நடந்து போகும்போது பழைய எஸ்டேட் பங்களா ஒன்றின் வாசலில் வரிசையாகத் தொட்டிகள். ஒன்றில் சுருட்டை சுருட்டையாக வெட்டுப்பட்ட இலைகளோடு ஒரு செடி. உச்சியில் இளஞ்சிவப்பில் சின்னச் சின்னப் பூ. குனிந்து பூவை மோந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெரியவர் சிரித்தார்.

"எல்லாரும் பூவைத்தான் மோந்து பாக்கறாங்க. அதுல ஒண்ணும் கிடையாதுங்க தம்பி. இலையக் கசக்குங்க."

மேலே இருந்த இளம் இலையைக் கசக்கினேன். எலுமிச்சை மாதிரி வந்தது.

"இப்ப கீழ இருக்கறதக் கசக்குங்க, பழுப்பு ஏறுதே... அது."

கசக்கினேன். ரோஜா! இலையில் ரோஜா வாசனை!

பெரியவர் வயசுக் காலத்தில் கொடைக்கானல் பக்கம் எண்ணெய் வடிக்கிற இடத்தில் வேலை பார்த்தவராம். "இந்த எலுமிச்ச வாசம் போயி ரோஜா வாசம் வரணும். வந்தாத்தான் அறுப்போம். முந்தினா எண்ணெய் நிக்காது, பிந்தினாலும் நிக்காது. மேஸ்திரி காலங்காத்தால வந்து காட்டுல நாலு இலைய கசக்கி மோந்துட்டுத்தான் அருவா எடுக்கச் சொல்லுவாரு" என்றார்.

எனக்குத் தெரிந்த எம்.பி.ஏ.க்கள் யாருக்கும் இவ்வளவு சுலபமான குவாலிட்டி கண்ட்ரோல் தெரியாது.

அந்தச் செடிதான் ஜெரேனியம். தோட்டங்களில் அழகுக்கு வைக்கிற சிவப்புப் பூ ஜெரேனியம் வேறு, இது வேறு. இதன் வாசனை முழுக்க இலையின் மேல் இருக்கிற மெல்லிய ரோமங்களில் இருக்கிறது. பூர்வீகம் தென்னாப்பிரிக்கா. 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. 19-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் சென்ட் தலைநகரான கிராஸ் ஊர்க்காரர்கள் இதைப் பயிராக்கினார்கள். அங்கிருந்து அல்ஜீரியா. பிறகு 1880-களில் இந்துமாக் கடலில் இருக்கிற ரீயூனியன் தீவு. அந்தத் தீவின் பழைய பெயர் போர்பான் என்பதால், இன்றைக்கும் உசத்தியான ஜெரேனியத்துக்கு 'போர்பான்' என்றுதான் பெயர்.

ரீயூனியன் என்றதும் நமக்கு இன்னொன்று ஞாபகம் வரவேண்டும். பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாக நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டுபோய் இறக்கிய தீவு அது. இன்றும் அங்கே தமிழ்ப் பெயர்கள் உண்டு, காவடி உண்டு, தீமிதி உண்டு. கீழே கரும்புக் காட்டில் நம் ஆட்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேலே மலைச் சரிவில் ஜெரேனியம் வளர்ந்துகொண்டிருந்தது. தமிழர் அந்தத் தீவுக்குப் போனார்கள். செடி இந்தப் பக்கம் வந்தது.

வந்து இறங்கிய இடம் எது தெரியுமா? ஏற்காடு! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்கார எஸ்டேட் துரைகள் வழியாக இந்தியாவில் முதன்முதலாக ஜெரேனியம் நடப்பட்டது இந்தச் சேர்வராயன் மலையில்தான். அதன் பிறகு நீலகிரிக்கும் பழனி மலைக்கும் பரவி, அங்கேதான் பெரிசாக வேர் பிடித்தது. கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் 'கொடைக்கானல் 1' என்று ஒரு ரகமே வெளியிட்டது. ஏற்காடோ காப்பியோடும் மிளகோடும் நின்றுகொண்டது. முதல் மார்க் வாங்கிய பையன் ஊரிலேயே கடை வைத்துக்கொண்டு, இரண்டாவது வந்தவன் அமெரிக்கா போகிற மாதிரி.

இப்போது அந்த ஐம்பது ரூபாய் பாட்டிலுக்கு வருகிறேன்.

ஜெரேனியம் எண்ணெயை வடிப்பது நம் இட்லிப் பானை சமாச்சாரம்தான். பெரிய அண்டாவில் தழையை அடைத்து, கீழிருந்து நீராவி விடுவார்கள். ஆவி தழைக்குள் புகுந்து எண்ணெயையும் கூட்டிக்கொண்டு மேலே போகும். அதைக் குழாய் வழியாகக் குளிர வைத்தால் தண்ணீர் கீழே, எண்ணெய் மேலே. இட்லிப் பானை மூடியைத் திறக்கும்போது முத்து முத்தாகத் தண்ணீர் சொட்டுமே, அதே கதை. ஒரு டன் தழை போட்டால் சுமார் ஒரு கிலோ எண்ணெய் வரும். ஒன்றரைக் கிலோ வந்தால் மேஸ்திரிக்கு மாலை போடலாம்.

அப்படியென்றால் பத்து மில்லி எண்ணெய்க்குச் சுமார் பத்து கிலோ தழை. நட்டு, களை எடுத்து, மூன்று நாலு மாசம் காத்திருந்து, அறுத்து, சுமந்து, அடுப்பெரித்து, வடித்து, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, கடைக்காரர் லாபமும் சேர்த்து ஐம்பது ரூபாயா? காஸ்ட் அக்கவுண்டன்ஸி பேப்பரில் இப்படி எழுதினால் வாத்தியார் விடைத்தாளைக் கிழித்துவிடுவார். அந்த பாட்டிலில் இருந்தது வேறு ஏதோ. பெரும்பாலும் மலிவு வாசனை கலந்த வெள்ளை எண்ணெய்.

கலப்படம் இந்தத் தொழிலுக்குப் புதிது இல்லை. ரோஜா எண்ணெயில் ஜெரேனியத்தைக் கலப்பார்கள். ஏனென்றால் ரோஜாவில் இருக்கிற ஜெரேனியால், சிட்ரோனெல்லால் என்கிற அதே இரண்டு சரக்குதான் இதிலும் பிரதானம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூன்று, நாலு டன் இதழ் வேண்டும். விலை தங்கம் மாதிரி. அதனால் ஜெரேனியத்துக்கு சென்ட் தொழிலில் ஒரு பட்டப் பெயரே உண்டு - 'ஏழைகளின் ரோஜா'.

'ஏழைகளின் ஊட்டி'யில் வந்து இறங்கியது 'ஏழைகளின் ரோஜா'. யாரோ உட்கார்ந்து ஜாதகம் பார்த்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்!

சரி, இந்த ஏழை ரோஜா உங்கள் சட்டையில் எப்படி வந்தது?

1882-இல் பாரீஸில் ஊபிகான் என்கிற கம்பெனி 'ஃபூஜேர் ரொயால்' என்று ஒரு சென்ட் போட்டது. 'ராஜ பெரணி' என்று அர்த்தம். பெரணிச் செடி தெரியுமில்லையா? ஏற்காட்டில் பாறை இடுக்கு, மதகு, கல்சுவர் எல்லாவற்றிலும் விசிறி மாதிரி விரிந்து நிற்கும். மோந்து பாருங்கள், சொல்லிக்கொள்கிற மாதிரி வாசனை எதுவும் இருக்காது. அதுதான் வேடிக்கை. வாசனை இல்லாத செடிக்கு வாசனை இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருத்தர் மூக்கால் கற்பனை செய்தார். லாவெண்டர், ஜெரேனியம், ஓக் மரத்துப் பாசி, கூடவே காய்ந்த வைக்கோல் வாசனை வருகிற கூமரின். இந்தக் கூமரினை 1868-இல் பெர்கின் என்கிற ஆங்கிலேய விஞ்ஞானி ஆய்வுக்கூடத்தில் தயாரித்துக் காட்டியிருந்தார். தோட்டத்துச் சரக்கும் லேபரட்டரி சரக்கும் ஒரே பாட்டிலில் கைகோத்தது அங்கேதான்.

அந்த ஃபார்முலா இன்னும் சாகவில்லை. ஆண்களுக்கு என்று வருகிற சென்ட்டில் ஒரு பெரிய குடும்பத்துக்கே 'ஃபூஜேர்' என்றுதான் பெயர். சலூனில் சவரம் முடிந்ததும் கன்னத்தில் தட்டுகிற லோஷன், ஷேவிங் கிரீம், அப்பாவின் பீரோ - இதிலெல்லாம் அடிக்கிற 'ஆம்பிளை வாசனை' இருக்கிறதே, அதன் கொள்ளுத்தாத்தா இந்த ராஜ பெரணிதான். 1964-இல் வந்த ப்ரூட்டில் ஜெரேனியம் உண்டு. 1973-இல் வந்த பாக்கோ ரபான் பூர் ஓமில் உண்டு. 1988-இன் கூல் வாட்டரில் உண்டு. 2015-இல் டியோர் வெளியிட்டு உலகமே அடித்துக்கொள்கிற ஸொவாஜிலும் உண்டு. இப்போது எண்ணெய் பெரும்பாலும் எகிப்திலிருந்தும் சீனாவிலிருந்தும் போகிறது என்பது வேறு விஷயம். இலை ஒன்றுதான்.

ஆக, இந்த மலையில் ஒரு காலத்தில் துரை நட்டு வைத்த செடியின் ஒன்றுவிட்ட தங்கச்சிதான் பாரீஸ் போய், மேக்கப் போட்டு, பெயரை மாற்றி, ஐந்து இலக்கத்தில் என் நண்பரின் கழுத்துக்குத் திரும்பி வந்திருக்கிறாள். பஸ்ஸில் அந்த அம்மா கண்ணாடியைத் திறக்கச் சொன்னது, ஊர்ப் பெண்ணை அடையாளம் தெரியாமல்!

பாட்டிலில் இருப்பது இலை என்றால் ஐந்து இலக்கம் எதற்கு? இங்கேதான் 'டிஸைனர்' வருகிறார். டிஸைனர் என்றால் தையல்காரர். கோட்டு தைக்கிறவருக்கும் சென்ட்டுக்கும் என்ன உறவு என்று 1911-க்கு முன்னால் யாரும் கேட்டதில்லை. அந்த வருஷம் போல் புவாரே என்கிற பாரீஸ் டெய்லர்தான் முதலில் சென்ட் வியாபாரத்தில் இறங்கினார். 1921-இல் ஷனேல் அம்மையார். எர்னஸ்ட் போ என்பவர் நம்பர் போட்டுக் கொடுத்த சாம்பிள்களில் ஐந்தாவது பிடித்துப்போக, அதையே பெயராக வைத்தார் - நம்பர் ஃபைவ். நம் வீட்டு முட்டுச்சந்து நம்பரில் கூட இவ்வளவு காசு பார்க்கலாம் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்!

பி.காம்.காரர்களுக்கு இதில் ஒரு ருசியான செய்தி. 1924-இல் அந்த சென்ட்டுக்கென்று தனிக் கம்பெனி தொடங்கினார்கள். தயாரித்து விற்கிற வெர்தைமர் சகோதரர்களுக்கு 70 சதவீதம். அறிமுகம் செய்துவைத்த கடை முதலாளிக்கு 20. பெயர் கொடுத்த ஷனேலுக்கு வெறும் 10. அம்மையார் பிற்பாடு வருஷக்கணக்கில் சண்டை போட்டார்.

இன்றைக்கு நிலைமை இன்னும் தமாஷ். பாட்டில் மேல் இருக்கிற பல பெயர்கள் வாடகைப் பெயர்கள். டேவிடாஃப் என்பது முதலில் சுருட்டுக் கடைக்காரர் ஒருவரின் பெயர். அந்த சென்ட்டைத் தயாரித்து விற்பது காட்டி என்கிற கம்பெனி. கால்வின் க்ளைன் சென்ட்டும் அதே காட்டிதான். அர்மானி சென்ட் என்றால் லோரியல். உள்ளே இருக்கிற சரக்கைக் கலந்து தருவதோ பெரும்பாலும் ஜிவோதான், ஃபிர்மெனிக், ஐ.எஃப்.எஃப்., சிம்ரைஸ் மாதிரி நாலைந்து கம்பெனிகள். கல்யாண வீட்டு வாசலில் போர்டு மட்டும் வேறு வேறு. சமையல் கட்டில் அதே மாமா! அல்பெர்த்தோ மொரியாஸ் என்று ஒரு நளபாகர் இருக்கிறார். 1994-இன் சிகே ஒன் (இன்னொருவரோடு சேர்ந்து), 1996-இன் அக்வா டி ஜியோ, 2017-இன் குச்சி ப்ளூம் - எல்லாம் அவர் கை பட்டதுதான். இந்தக் கடைசி பாட்டிலில் தென்னிந்தியாவின் ரங்கூன் மல்லி வேறு சேர்த்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு கேட் மேல் சாயங்காலம் வெள்ளையாகப் பூத்து, காலையில் சிவந்து போகுமே, அதே கொடி. காசு கொடுக்காமல் மோந்துகொண்டிருந்தோம், இத்தனை நாளாக.

இனி என் அபிப்பிராயங்கள். அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வரவும்.

கொலோன் என்பது நமக்குப் புதிது இல்லை. ஜுரம் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடுவார்களே, யூடிகொலோன்! ஃபரீனா என்கிற இத்தாலிக்காரர் 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் தொடங்கிய சரக்கு. எலுமிச்சை, நாரத்தை வகையறா. நெப்போலியன் பாட்டில் பாட்டிலாகக் காலி செய்தார் என்பார்கள். நம் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஒரே குறை, ஒரு மணி நேரத்தில் ஆள் காணாமல் போய்விடும். அதில் வாசனைச் சரக்கு 2 முதல் 5 சதவீதம்தான். 'ஓ டி டாய்லெட்' என்று போட்டிருந்தால் (பெயரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், பிரெஞ்சில் அதற்கு அலங்காரம் என்று பொருள்) 5-லிருந்து 15 வரை. 'ஓ டி பர்ஃப்யூம்' என்றால் 15-லிருந்து 20. மிச்சமெல்லாம் ஸ்பிரிட்டும் தண்ணீரும்.

ஓல்டு ஸ்பைஸ் 1938-இல் வந்தது. தாத்தா வாசனை என்று கேலி செய்கிறார்கள். செய்யட்டும். பட்டை, கிராம்பு வாசனையை நம் ஊரில் யாரும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. விலைக்கு அதுவே ராஜா. கூல் வாட்டர் நல்ல சென்ட்தான். ஆனால் அதன் குளுகுளுப்பைக் கொடுக்கிற ரசாயனத்தைச் சோப்புத் தூள்காரர்களும் விடாமல் உபயோகிப்பதால், சில சமயம் அன்றைக்குத்தான் துவைத்த சட்டை மாதிரி இருக்கும். அது ஒன்றும் கெட்ட பெயர் இல்லையே! ஆபீஸுக்கு என் ஓட்டு சிகே ஒன். பக்கத்து ஸீட்டுக்காரர் மோப்பம் பிடிப்பதற்குள் அது வேலையை முடித்துக்கொள்ளும். அக்வா டி ஜியோவை எத்தனை பேர் அடித்தாலும் எனக்கு அலுக்கவில்லை. ஸொவாஜ் பிரமாதம், முதல் ஐந்து பேர் அடிக்கிற வரைக்கும். அதில் அம்ப்ராக்ஸான் என்று ஒன்று இருக்கிறது. திமிங்கிலத்திடமிருந்து கிடைக்கிற அம்பருக்குப் பதிலாகச் செய்தது. லேசில் போகாது. இரண்டு தடவைக்கு மேல் அடிப்பவர்கள் பஸ்ஸில் ஏறக் கூடாது என்று சட்டம் வரவேண்டும்.

1992-இல் தியரி முக்லரின் ஏஞ்சல் வந்ததிலிருந்து தின்பண்ட வாசனை என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பஞ்சு மிட்டாய், சாக்லெட், வனிலா. எறும்பு மொய்க்காத ஊர்களில் அடித்துக்கொள்ளலாம். 'ஊத்' என்று அகில் கட்டை வாசனையில் வருகிறவை ராத்திரிக்கும் கல்யாணத்துக்கும் அழகு. சேலத்து மே மாத மதியத்தில் அதைப் பூசிக்கொண்டு வருவது கம்பளி போர்த்திக்கொண்டு ஆவி பிடிப்பதற்குச் சமானம்.

வாங்குவதாக இருந்தால் ஒரே ஒரு விஷயம். கடையில் பேப்பர் துண்டில் அடித்துக் காட்டியதும் தலையாட்டாதீர்கள். முதல் பத்து நிமிஷம் வருவது விருந்தாளி; போய்விடும். மணிக்கட்டில் அடித்துக்கொண்டு வெளியே போய் டீ குடியுங்கள். அரை மணி கழித்துத் தோலோடு மிச்சம் இருப்பதுதான் உங்களோடு குடித்தனம் நடத்தப் போகிறது. அது பிடித்தால் திரும்பிப் போங்கள். மூக்கைச் சுத்தம் செய்ய என்று சில கடைகளில் காப்பிக் கொட்டையை நீட்டுவார்கள். அதெல்லாம் சும்மா. உங்கள் சட்டைக் கையையே மோந்து பார்த்தால் போதும்.

காப்பி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. நாங்கள் மார்ச்சில் போனதற்குக் காரணமே அதுதான். 1820-களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை கொண்டுவந்து வைத்த காப்பி, இரு நூறு வருஷமாக இந்த மலையை விடவில்லை. மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்து ஒரு வாரம், பத்து நாளில் செடி முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிடும். நாங்கள் போனபோது சேர்வராயன் கோயிலுக்குப் போகிற வழியில் இரண்டு பக்கமும் சரிவு சரிவாக வெள்ளை. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் கீழே காப்பிச் செடி, செடியின் கிளையெல்லாம் சரம் தொடுத்த மாதிரி பூ. வாசனை மல்லிகை மாதிரி, ஆனால் மல்லிகை இல்லை. கொஞ்சம் ஆரஞ்சுப் பூ சேர்ந்த மாதிரி. தேனீ சத்தம் வேறு. இரண்டு மூன்று நாள்தான் இருக்குமாம். மே மாதக் கோடை விழாவுக்குப் போகிறவர்கள் இதைப் பார்க்க முடியாது. அப்போது ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாசனைதான். அதுவும் மோசமில்லை என்று வையுங்கள்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மழை எப்போது விழுந்தது என்று சேலத்தில் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொண்டு, ஒன்பதாவது பத்தாவது நாள் கிளம்புங்கள். காலை எட்டு மணிக்குள் நடந்துவிடுங்கள். வெயில் ஏறினால் கார்களும் ஏறிவிடும், அப்புறம் டீசல்தான். அன்றைக்கு ஒரு நாளாவது எதையும் அடித்துக்கொள்ளாமல் போங்கள். இரண்டு வாசனையை ஒரே மூக்கில் ஏற்றினால் இரண்டும் வீண்.

ஜெரேனியம் விதை போட்டு வருகிற செடி இல்லை. கிளையை ஒடித்து நட வேண்டும். திரும்பும்போது பெரியவர் நாலு கிளைகளை ஈரத் துணியில் சுற்றி நண்பர் கையில் கொடுத்து, "கீழ சூடு ஜாஸ்திங்க தம்பி. நிழல்ல வைங்க, தண்ணிய ரொம்ப ஊத்திராதீங்க" என்று சொல்லியனுப்பினார். மூன்று காய்ந்துவிட்டன. ஒன்று மட்டும் அவர் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், பெயின்ட் டப்பாவுக்குள் நின்றுகொண்டிருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி என் மூக்கில் நீட்டினார்.

இன்னும் எலுமிச்சைதான்.